பழைய ஐரோப்பியக் கேலிச்சித்திரங்களில் யூதர்களுக்கு ஏன் எப்போதும் வளைந்த மூக்கு?

இது யூத வெறுப்புக் கேலிச்சித்திரம். ஒரு மக்களினத்தையே ஒரே முகத்தில் அடைக்கும் வேலை. 1898இல் பிரெஞ்சு இதழ் 'ல ரீர்', உலக உருண்டையைக் கவ்விப் பிடித்த கழுகுநகக் கைகளோடு யூத வங்கியாளர் ராத்ஸ்சைல்டை அட்டையில் வரைந்தது. பின்னர் நாஜி ஏடு 'டெர் ஷ்ட்யூர்மர்' அதே அச்சை வாராவாரம் வார்த்தது.

இந்தப் படங்களில் யூதர் கையில் காட்டும் பணப்பை எங்கிருந்து வந்தது? இடைக்காலத்தில் பல ஊர்களில் யூதர்கள் நிலம் வாங்கவோ கைவினைச் சங்கங்களில் சேரவோ முடியாது. கிறிஸ்தவர்கள் வட்டி வாங்கத் திருச்சபை தடை போட்டிருந்தது. அதனால் சிலர் வட்டித் தொழிலுக்குத் தள்ளப்பட்டார்கள். கடன்பட்டவன் எரிச்சல் படமாயிற்று. மூக்கு அதற்கும் பிந்தியது: 12ஆம் நூற்றாண்டு ஓவியங்களில் யூதருக்குப் பொதுவான அடையாளம் கூர்த்தொப்பியும் தாடியும்தான்.

பழைய சினிமாவில் கன்னத்தில் மருவும் கோடு போட்ட பனியனும் வந்தாலே 'ரவுடி' என்று புரியுமே, அப்படி.

அசல் முகத்தைப் பார்த்துத்தான் மிகைப்படுத்தினார்கள் என்பது தவறு: 1911இல் வெளியான ஓர் ஆய்வில், நியூயார்க் யூத ஆண்களில் நூற்றுக்குச் சுமார் 14 பேருக்கே வளைந்த மூக்கு.