அஸ்டெக் நரபலி: கேட்டவையும் என் பதில்களும்

கேள்வி: அண்ணா, 1487-இல் நாலே நாளில் 80,400 பேரைப் பலி கொடுத்தார்களாமே, நம்பலாமா?

பதில்: நம்பாதீங்க தம்பி. அஸ்டெக் தலைநகர் டெனோச்டிட்லானில் (இன்றைய மெக்சிகோ நகரம்) பெருங்கோயிலை அவிட்சோட்டில் என்ற மன்னர் விரிவாக்கி விழா எடுத்தது உண்மை. ஆனால் கணக்குப் போட்டுப் பாருங்க: இரவு பகல் ஓயாமல் நடந்தாலும் நிமிஷத்துக்கு 14 பேர். அந்தச் செங்குத்தான படியில் அது ஆகிற காரியமில்லை.

கேள்வி: அப்போ மொத்தமும் அவர்களை வென்ற ஸ்பானியர் கட்டிவிட்ட கதையா?

பதில்: அதுவும் இல்லை. 2015-இல் மெக்சிகோ நகரக் கதீட்ரலுக்குப் பின்னால் ஒரு பழைய கட்டடத்தின் அடியில் மண்டையோட்டுக் கோபுரம் கிடைத்தது. 2020-க்குள் அறுநூறுக்கு மேல் எண்ணிவிட்டார்கள். பெண்கள், பிள்ளைகள் மண்டையோடும் இருந்தன. பலியானவர்களின் தலைகளைக் கழியில் கோத்து வைக்க, நெற்றிப்பொட்டுப் பக்கம் துளை போட்டிருக்கிறார்கள். பெருங்கோயிலில் மழைத் தெய்வம் தலாலோக்கின் பக்கம் ஒரே கற்பேழைக்குள் 42 குழந்தைகளின் எலும்புகள். சிலருக்குப் பச்சைக்கல் மணிமாலை போட்டிருந்தார்கள். 1450-களின் கொடும் வறட்சியோடு அதை ஆய்வாளர்கள் சேர்த்துப் பார்க்கிறார்கள். எண்ணிக்கையைக் குறைக்கலாம், அந்தக் குழந்தைகளை இல்லையென்று சொல்ல முடியாது.

கேள்வி: இறைச்சிப் பஞ்சத்தால் மனித இறைச்சிக்காகத்தான் பலி கொடுத்தார்கள் என்கிறார்களே சார்?

பதில்: 1977-இல் மானுடவியலாளர் மைக்கேல் ஹார்னர் சொன்னது. அடுத்த வருஷமே ஓர்டிஸ் டி மோன்டெல்லானோ என்ற ஆய்வாளர் மறுத்தார். மக்காச்சோளம், பீன்ஸ், கீரைவிதை, வான்கோழி, ஏரிப்பாசி என்று சாப்பாட்டுக்குக் குறைவில்லை.

கேள்வி: பின்னே எதற்காக?

பதில்: அவர்கள் மொழியில் பலிக்கு ஒரு பெயர் நெக்ஸ்ட்லாவாலி, கடனடைப்பு. டியோட்டிவாகான் என்ற பழைய நகரில் தெய்வங்கள் தம்மையே பலி கொடுத்துச் சூரியனை ஓடவைத்தன என்பது அவர்கள் புராணம். அந்தக் கடனை மனிதர் திருப்பித் தரவேண்டும். இதோடு அரசியலும் உண்டு: பகை நாட்டுத் தலைவர்களை ரகசியமாக அழைத்து வந்து பார்க்க வைத்தார்கள். இரண்டில் ஒன்றை மட்டும் எடுத்தால் பாதிதான் புரியும் என்பது என் எண்ணம்.

கேள்வி: பலியானவர்கள் விரும்பியே போனார்களா?

பதில்: அக்கா, இதில்தான் என் மனசு நிற்கும். டோஷ்காட்ல் விழாவுக்கு ஓர் இளைஞன் ஒரு வருஷம் தெஸ்காட்லிபோகா தெய்வமாகவே வாழ்வான். கடைசி நாளில் தான் ஊதிய குழல்களைப் படிக்கொன்றாக உடைத்துக்கொண்டே ஏறுவான். அதை எழுதிவைத்த ஸ்பானியப் பாதிரியார் சஹாகுனே, மயங்கி விழுந்த கைதிகளை இழுத்துக்கொண்டு ஏறியதையும் எழுதியிருக்கிறார்.