மலிவான கரி (வாசகர் கடிதமும் பதிலும்)

அன்புள்ள அக்கா,

கோலாலம்பூரின் பிரிக்பீல்ட்ஸ் பகுதியைப் பற்றிய கட்டுரையில் ‘கோலாலம்பூரைப் பெற்றது ஈயம், வளர்த்தது கரி’ என்று எழுதியிருந்தீர்கள். நான் கிள்ளானில் கணக்காளராக இருக்கிறேன். சிலாங்கூரின் பொருளாதாரத்துக்கு இந்தச் சுரங்கங்கள் உண்மையில் எவ்வளவு முக்கியமாக இருந்தன என்று எண்களோடு சொல்ல முடியுமா? இன்னொன்று. சுரங்கம் சீனர்களின் கதை, நம்முடையது ரப்பர்த் தோட்டம். நமக்குச் சம்பந்தமில்லாததை ஏன் இவ்வளவு எழுதுகிறீர்கள்? 2044க்குள் நிலக்கரி மின்நிலையங்களை மூடப்போகிறார்களாம். மின்கட்டணம் ஏறாதா?

அன்புடன்,
ஒரு வாசகர், கிள்ளான்

அன்புள்ள தம்பி,

போன வாரம்தான் சிலாங்கூரின் பழைய நிலக்கரிச் சுரங்க ஊரான பத்து ஆராங் போய்விட்டு வந்தேன். பழைய செங்கல் சூளையின் புகைபோக்கியை அண்ணாந்து பார்த்துக்கொண்டு வெகுநேரம் நின்றேன். வீட்டுக்கு வந்தால் உங்கள் கடிதம்.

எண்கள் கேட்டீர்கள், சரி. 1857இல் ஈயம் (வெள்ளீயம்) தோண்ட அம்பாங் காட்டுக்குள் போனவர்கள் 87 பேர். ஒரே மாதத்தில் காய்ச்சலில் செத்தவர்கள் 69 பேர். கோலாலம்பூர் நகரத்தின் முதல் கணக்கு அதுதான். 1886இல் உங்கள் கிள்ளான் பக்கம் ரயில் பாதை போட்டதும் ஈயத்தை ஆற்றுப்படகை நம்பி அனுப்பிக்கொண்டிருக்க முடியாது என்பதால்தான். 1970களில் உலக ஈயத்தில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு மலேசியாவிலிருந்து போனது. 1985 அக்டோபரில் விலையைத் தாங்கிப் பிடித்திருந்த சர்வதேச ஈய மன்றத்தின் கையில் பணம் தீர்ந்தது, லண்டன் உலோகச் சந்தை ஈய வியாபாரத்தையே நிறுத்தியது, இங்கே நூற்றுக்கணக்கான சுரங்கங்கள் மூடின. இன்று பிள்ளைகளை அழைத்துப்போய்த் தண்ணீரில் விளையாடவிடுகிற சன்வேயும், ஸ்ரீ கெம்பாங்கான் மைன்ஸ் ஏரியும் அந்தக் காலத்து ஈயக்குட்டைகள்தான்.

மின்கட்டணம் பற்றி ஒரு வார்த்தை. இன்று நம் மின்நிலையங்கள் எரிக்கும் கரியில் பெரும்பகுதி இந்தோனேசியாவிலிருந்து கப்பலில் வருகிறது. விலையும் நம் கையில் இல்லை. மூடாமல் வைத்திருந்தால் கட்டணம் ஏறாது என்று உங்களுக்கு யார் சொன்னது?

ஆனால் ‘நமக்குச் சம்பந்தமில்லாதது’ என்று எழுதினீர்களே, அதற்குத்தான் எனக்குக் கோபம் வந்தது. ஈயம் சீனனுக்கு, ரப்பர் தமிழனுக்கு, நெல் மலாய்க்காரனுக்கு என்று வெள்ளைக்காரன் மூன்று பெட்டி செய்துவைத்தான். அவன் போய் இத்தனை வருடமாகிறது. படித்த பிள்ளை, நீங்களும் அந்தப் பெட்டிக்குள்ளேயே உட்கார்ந்துகொண்டு கடிதம் எழுதினால் எப்படித் தம்பி?

என் தாத்தா ரயிலில் பயர்மேன், நீராவி இஞ்சின் அடுப்பில் கரி அள்ளிப் போடுகிற வேலை. செந்தூல் ரயில்வே குவாட்டர்ஸில் எங்கள் வீடு. மணிக்கட்டிலிருந்து முழங்கை வரை வலது கையில் மிளகு மிளகாகத் தீக்காயத் தழும்பு இருக்கும். சாப்பிட உட்காருமுன் தேங்காய் நாரால் நகக்கண்களைத் தேய்ப்பார், அப்படியும் கறுப்பு போகாது. அதனால் சோற்றை விரல்நுனியால் எடுக்காமல் கரண்டியால் சாப்பிடப் பழகியவர். அவர் அள்ளிப் போட்டது பத்து ஆராங் கரி. 1908இல் கண்டுபிடித்து, 1915 முதல் மலாயன் கோலியரீஸ் என்ற கம்பெனி வெட்டி எடுத்த கரி. ரயில்தான் அதற்குப் பெரிய வாடிக்கை. ஈயச் சுரங்கங்களின் நீராவிப் பம்புகளுக்கும் பங்சார் மின்நிலையத்துக்கும் போனது. முதல் உலகப்போரில் கப்பல் வராமல் வெளிநாட்டுக் கரி விலை ஏறியபோது இது கைகொடுத்தது. எந்தப் பொருளாதார நூலை எடுத்தாலும் இதையெல்லாம் பெருமையாக எழுதியிருப்பார்கள்.

அந்தக் கரி இளங்கரி, தம்பி. சூடு குறைவு. காற்றுப்பட்டால் உதிரும், குவித்து வைத்தால் தானே புகைந்து தீப்பிடிக்கும். நல்ல கரி ஒரு டன் போடுகிற இடத்தில் இதை அதைவிட அதிகமாகப் போட்டால்தான் அதே நீராவி வரும். ரயில்வேயின் கணக்கில் கரி மலிவு. அந்த மலிவைச் சரிக்கட்டியது யார்? பயர்மேன். அதிகப்படியாக அள்ளிய ஒவ்வொரு சவல் கரியும் என் தாத்தாவின் தோளிலிருந்து போனது. அதற்கு எந்த ஏட்டிலும் பத்தி இல்லை. நீங்கள் கணக்காளர், நீங்களே சொல்லுங்கள். ஒரு செலவை ஏட்டில் எழுதாமல் விட்டால் அது லாபமாகிவிடுமா? ‘சுரங்கம் பொருளாதாரத்துக்கு எவ்வளவு முக்கியம்’ என்று கேட்கிறவர்கள் எல்லோரும் டன்னைக் கேட்கிறார்கள், டாலரைக் கேட்கிறார்கள். அள்ளியவனின் தோளை ஒருவரும் கேட்பதில்லை. நீங்களும் கேட்கவில்லை.

வெட்டியவர்களுக்கும் அதே கதைதான். ஒப்பந்தக்காரனுக்குக் கீழே, அவன் பிடித்தது போகக் கிடைத்த கூலிக்கு வேலை செய்தார்கள். 1937 மார்ச்சில் ஆயிரக்கணக்கானோர் வேலையை நிறுத்திச் சுரங்கத்தையே தங்கள் கைக்குள் கொண்டுவந்தார்கள். பெரும்பாலும் சீனர்கள், நம்மவர்களும் இருந்தார்கள். பெரும் போலீஸ் படையை இறக்கித்தான் அதை மீட்டார்கள். நான்கு வருடம் கழித்து, 1941இல், உங்கள் கிள்ளான் தோட்டங்களில் தமிழர்கள் சீனத் தொழிலாளிக்குத் தருகிற கூலியை எங்களுக்கும் கொடு என்று நின்றார்கள். அங்கே வந்தது ராணுவம், துப்பாக்கிச் சூடு. கரிக்கும் ரப்பர்ப் பாலுக்கும் சம்பந்தம் இல்லையா, தம்பி? உங்கள் ஊரில் வயதானவர் யாராவது இருந்தால் போய்க் கேளுங்கள். கோபத்தில் சொல்லவில்லை, அவர்கள் இருக்கும்போதே கேளுங்கள் என்பதற்காகச் சொல்கிறேன்.

ரயில் எண்ணெய்க்கும் டீசலுக்கும் மாறியது. பெரிய வாடிக்கை கைவிட்டதும் 1960இல் பத்து ஆராங் மூடியது. தாத்தா அதற்கு இரண்டு வருடம் முன்பே ஓய்வு பெற்றுவிட்டார். வீட்டில் வெந்நீர் அடுப்பு மட்டும் அவர் பொறுப்பு. விடியற்காலையில் பாட்டி நாலு விறகை ஒன்றாகச் சொருகிவிட்டுப் போவாள். அவர் ஒன்றும் சொல்லாமல் குந்தி உட்கார்ந்து மூன்றை வெளியே இழுத்துவிட்டு, ஒன்றைப் பிளந்து, முதலில் பின்மூலை இரண்டிலும் வைப்பார். அப்புறம் நடுவில். கொஞ்சம் பொறுத்து இன்னொரு துண்டு. “மொத்தமா போட்டா பொகதான் வரும்,” என்பார். தண்ணீர் கொதிக்கும்வரை அந்த இடத்தை விட்டு எழுந்திருக்க மாட்டார்.

அன்புடன்,
அக்கா