என் பெயரில் ஏஐ எழுதுகிறது, இனி யார் நம்புவார்கள்?

கேள்வி: கோவையில் பம்பு உதிரிபாகங்களுக்கு காஸ்டிங் (இரும்பை உருக்கி அச்சில் வார்ப்பது) செய்யும் ஒரு ஃபவுண்டரியில் 14 வருடம் குவாலிட்டி பிரிவில் இருந்தேன். ஆள்குறைப்பில் வேலை போய்விட்டது. லிங்க்ட்இன்னில் தினமும் எழுதினால் வேலை தேடி வரும் என்று ஒரு பர்சனல் பிராண்டிங் ஏஜென்சி சொன்னதை நம்பி, மாதம் 9,000 ரூபாய்க்கு 6 மாத ஒப்பந்தம் போட்டேன். பாஸ்வேர்டையும் கொடுத்துவிட்டேன். ஏஐ வைத்து எழுதி என் பெயரில் போடுகிறார்கள், மற்றவர்களின் போஸ்ட்டுக்குக் கமென்ட்டும் அவர்களே போடுகிறார்கள். போன வாரம் என் பழைய மேனேஜர் போன் செய்து, "இதெல்லாம் நீங்க எழுதினதாம்மா? ரிஜெக்‌ஷன் 40 சதவீதம் எப்ப குறைஞ்சுது?" என்று கேட்டார். குறை இருக்கிறது என்று கழித்துப்போடும் காஸ்டிங்குகளை 40 சதவீதம் குறைத்தேன் என்று என் பெயரில் போட்டிருக்கிறார்கள். கூசிப் போய்விட்டது. எல்லாவற்றையும் அழித்துவிடலாமா? இது ஏஐ என்று ஹெச்.ஆர். கண்டுபிடித்தால் என்னை ஒதுக்கிவிடுவார்களா?
- பெயர் வெளியிட விரும்பாத வாசகி

பதில்: முதல் வேலையாக பாஸ்வேர்டை மாற்றுங்கள். இதைப் படித்து முடித்துவிட்டுப் பார்க்கலாம் என்று வைக்காதீர்கள். செட்டிங்ஸில் 'சைன் இன் அண்ட் செக்யூரிட்டி' என்ற பகுதிக்குப் போனால், உங்கள் கணக்கு எந்தெந்தக் கருவியில் திறந்திருக்கிறது என்று காட்டும். எல்லாவற்றிலிருந்தும் வெளியேற்றுங்கள். இரண்டடுக்குச் சரிபார்ப்பைப் போடுங்கள். கணக்கில் உங்களுடையது அல்லாத மின்னஞ்சலோ போன் நம்பரோ சேர்ந்திருந்தால் நீக்குங்கள். அதை விட்டுவிட்டால், 'பாஸ்வேர்ட் மறந்துவிட்டது' என்று தட்டி மறுபடியும் உள்ளே வந்துவிடுவார்கள். பிறகு மெசேஜ் பெட்டியைத் திறந்து, இத்தனை நாளில் உங்கள் பெயரில் யாருக்கு என்ன போயிருக்கிறது என்று பாருங்கள். போஸ்ட்டைப் பற்றி எல்லோரும் கவலைப்படுகிறார்கள், மெசேஜ் பெட்டியை யாரும் பார்ப்பதில்லை. பழைய சக ஊழியர்களுக்கெல்லாம் அந்த ஏஜென்சியின் விளம்பரம் உங்கள் பெயரில் போயிருந்தால், அதைக் கேட்டு உங்களைக் கூப்பிடக்கூட மாட்டார்கள், மனதில் வைத்துக்கொள்வார்கள்.

சரி, இப்போது உங்கள் கேள்விக்கு வருகிறேன். மேனேஜர் இரண்டு கேள்வி கேட்டிருக்கிறார். முதல் கேள்விதான் உங்களைக் கூச வைத்திருக்கிறது. ஆனால் வேலை தேடும்போது ஆபத்தானது இரண்டாவது கேள்வி.

நீங்கள் அனுப்பிய போஸ்ட்களைப் படித்தேன். 'தரம் என்பது ஒரு துறை அல்ல, அது ஒரு மனநிலை' என்று ஒன்று தொடங்குகிறது. நடுவில் மூன்று அம்புக்குறி, ஒரு ராக்கெட் படம், கடைசியில் 'நீங்கள் என்ன நினைக்கிறீர்கள்?'. இது ஜவுளிக்கடைக்கும் பொருந்தும், ஆஸ்பத்திரிக்கும் பொருந்தும். அதே கடிதத்தின் கீழே நீங்களாக எனக்கு எழுதியிருப்பதைப் பாருங்கள்: மழைக்காலத்தில் மட்டும் ப்ளோ ஹோல் (காஸ்டிங்குக்குள் விழும் காற்றுக் குழி) ரிஜெக்‌ஷன் ஏறியது, அச்சு செய்யும் மோல்டிங் மணல் கொட்டிவைத்த இடத்தில் கூரைத் தகரம் ஒழுகி மணலில் ஈரம் கூடியிருந்தது, ஷிஃப்ட்டுக்கு ஒரு தடவை பார்த்த ஈரப்பதத்தை மணிக்கு ஒரு தடவை பார்க்க வைத்தீர்கள், அதற்கு சூப்பர்வைசர் முகத்தைச் சுளித்தார். மணலில் ஈரம் அதிகமானால் உருக்கிய இரும்பு பட்டதும் ஆவியாகி, காற்றுக் குமிழ் உள்ளேயே மாட்டிக்கொள்ளும் என்பது ஃபவுண்டரிக்காரர்கள் எல்லோருக்கும் தெரியும். கூரைத் தகரத்தை அண்ணாந்து பார்த்தவர் நீங்கள். ஆள் எடுக்கிறவன் தேடுவது அந்த ஒரு வரியைத்தான். 9,000 ரூபாய் வாங்கிக்கொண்டு அதையே எடுத்துவிட்டிருக்கிறார்கள்.

எடுத்தது போதாதென்று, சேர்க்கவும் செய்திருக்கிறார்கள். அந்த 40 சதவீதம் நீங்கள் சொன்னது அல்ல என்கிறீர்கள். மெஷினிடம் 'சாதனை போல எழுது' என்றால் எண் ஒன்றைப் போட்டுத்தான் தரும், அதற்கு உண்மை பொய் தெரியாது. ஆனால் நேர்காணலில் எதிரே உட்காருகிற பிளான்ட் ஹெட், "எதிலிருந்து எதுக்குக் குறைஞ்சுது, எந்த காஸ்டிங்ல, எந்த மாசம்?" என்றுதான் கேட்பார். அங்கே நீங்கள் திணறினால், ஏஐ எழுதியது என்ற முடிவுக்கு அவர் வரமாட்டார். பொய் சொல்கிறார் என்று எழுதிவைப்பார். கோவை ஃபவுண்டரி வட்டாரம் சின்னது. உங்கள் பழைய கம்பெனிக்கு ஒரு போன் போட்டால் தெரிந்துவிடும்.

அதனால் எல்லாவற்றையும் அழிக்க வேண்டாம். ஒரே நாளில் மொத்தத்தையும் துடைத்தால் அதுவே கேள்வியாகும். நீங்கள் செய்யாத வேலை, சொல்லாத எண், பார்க்காத கஸ்டமர் எதிலெல்லாம் வந்திருக்கிறதோ அதையெல்லாம் ஸ்கிரீன்ஷாட் எடுத்துக்கொண்டு இன்றே நீக்குங்கள். ராக்கெட்டும் மனநிலையும் இருப்பது கிடக்கட்டும், அதை யாரும் இரண்டாம் தடவை படிக்கப்போவதில்லை. உங்கள் பெயரில் போன கமென்ட்களையும் ஒருமுறை ஓட்டிப் பாருங்கள். யாராவது இறந்த செய்திக்குக் கீழே 'அருமையான பகிர்வு' என்று உங்கள் பெயர் நின்றால், அதை முதலில் எடுங்கள். இது விளையாட்டுக்குச் சொல்வதல்ல, தானாகக் கமென்ட் போடும் மென்பொருள்கள் அப்படித்தான் போடுகின்றன. ஆள் இல்லாமல் கமென்ட் போடும் மென்பொருளைப் பயன்படுத்துவதும், கணக்கை இன்னொருவருக்குக் கொடுப்பதும் லிங்க்ட்இன் விதிகளுக்கே விரோதம். கணக்கை முடக்கினால் போவது உங்கள் கணக்குதான், ஏஜென்சிக்கு ஒன்றும் ஆகாது.

ஹெச்.ஆர். கண்டுபிடிப்பார்களா என்று கேட்டிருக்கிறீர்கள். கருவி வைத்துக் கண்டுபிடிப்பது நம்பகமான காரியம் இல்லை. சாட்ஜிபிடியை உருவாக்கிய ஓப்பன்ஏஐ நிறுவனமே 2023 ஜனவரியில் அப்படி ஒரு கருவியை வெளியிட்டது. அவர்களே சொன்ன கணக்குப்படி, ஏஐ எழுதியதில் 26 சதவீதத்தைத்தான் அது பிடித்தது, மனிதர் எழுதியதிலும் 9 சதவீதத்தை ஏஐ என்று சொன்னது. துல்லியம் போதவில்லை என்று அதே வருடம் ஜூலையில் எடுத்துவிட்டார்கள். அப்படியிருக்க, 'உங்கள் போஸ்ட்டில் ஏஐ ஸ்கோர் பூஜ்யம்' என்று சான்றிதழ் தருகிறவர்களும், 'மனிதர் எழுதியது போல மாற்றித் தருகிறோம்' என்று 2,000 ரூபாய் கேட்கிறவர்களும் எதை விற்கிறார்கள்? உங்கள் ஏஜென்சி அடுத்து அதைத்தான் கொண்டுவரும். வாங்காதீர்கள். கருவி எதுவும் இல்லாமலே உங்கள் மேனேஜர் கண்டுபிடித்தார், ஏனென்றால் அவருக்கு உங்களைத் தெரியும், அந்த மணலையும் தெரியும்.

இங்கே ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிட வேண்டும், இல்லையென்றால் இதைப் படித்துவிட்டுப் பலர் போனிலிருந்து ஏஐ ஆப்பையே அழித்துவிடுவார்கள். ஆங்கிலம் சரியாக வராததால் ஏஐ-யிடம் திருத்தி வாங்குவது ஏமாற்று அல்ல. நம்மில் பெரும்பாலோர் தமிழில் யோசித்து, ஷாப் ஃப்ளோரில் பாதித் தமிழ் பாதி ஆங்கிலத்தில் பேசி, மெயிலில் முழு ஆங்கிலத்தில் எழுத வேண்டிய கட்டாயத்தில் இருக்கிறோம். முன்பு பக்கத்து சீட்டுக்காரரிடம் காட்டித் திருத்தினோம், இப்போது மெஷினிடம் காட்டுகிறோம். சொல்லப்போனால், திருத்தாமல் எழுதினாலும் நமக்குத் தொல்லைதான். 2023-ல் ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழக ஆய்வாளர்கள், ஏஐ எழுதியதைக் கண்டுபிடிக்கும் ஏழு கருவிகளைச் சோதித்தார்கள். ஆங்கிலம் தாய்மொழி அல்லாதவர்கள் டோஃபல் என்ற ஆங்கிலத் திறன் தேர்வுக்குத் தாங்களே எழுதிய 91 கட்டுரைகளைக் கொடுத்தபோது, சராசரியாக 61 சதவீதத்தை ஏஐ எழுதியது என்று அவை சொல்லின. சொற்கள் எளிமையாக, வாக்கியங்கள் ஒரே மாதிரி இருந்ததுதான் அவர்கள் செய்த குற்றம். அதனால் பயப்படாமல் திருத்தி வாங்குங்கள்.

ஆனால் அதற்கும் ஒரு முறை உண்டு. முதலில் போனில் தமிழிலேயே பேசிப் பதிவு செய்யுங்கள், மணல், கூரை, சூப்பர்வைசர் எல்லாம் வரட்டும். அதை எழுத்தாக்கி மெஷினிடம் கொடுத்து, 'இதை ஆங்கிலமாக்கு, நான் சொல்லாத எதையும் சேர்க்காதே, எண்களைத் தொடாதே' என்று சொல்லுங்கள். வந்ததை வரிவரியாக உங்கள் பேச்சோடு ஒப்பிடுங்கள். நீங்கள் வாயால் சொல்லவே சொல்லாத சொல் ஒன்று இருந்தால் அதை எடுத்துவிட்டு, நீங்கள் தொழிற்சாலையில் சொல்லும் சொல்லைப் போடுங்கள். இந்தச் சலுகை, எழுத்தே வேலையாக இருக்கிறவர்களுக்குக் கிடையாது. கன்டென்ட் ரைட்டர் வேலைக்கு விண்ணப்பிப்பவர் ஏஐ எழுதியதைத் தன் எழுத்து என்று காட்டினால் அது வேறு கதை. நீங்கள் விண்ணப்பிக்கும் வேலையில் வெளிநாட்டுக் கஸ்டமரோடு வாரம் ஒருமுறை ஆங்கிலத்தில் பேச வேண்டுமென்றால், போஸ்ட்டில் இருக்கும் ஆங்கிலத்துக்கும் போனில் வரும் ஆங்கிலத்துக்கும் ரொம்ப தூரம் இருக்கக்கூடாது என்பதையும் மனதில் வையுங்கள். அந்த இடத்தில் கொஞ்சம் குறையோடு எழுதுவதே நல்லது.

நம்பிக்கை போய்விட்டதே என்று நீங்கள் வருத்தப்படுகிறீர்கள். அதை உங்கள் தலையில் மட்டும் போட்டுக்கொள்ள வேண்டாம். சாட்ஜிபிடி வந்தது 2022 நவம்பரில். அதற்குப் பல மாதங்கள் முன்பே, அதே வருடம், ஸ்டான்ஃபோர்ட் இன்டர்நெட் அப்சர்வேட்டரியைச் சேர்ந்தவர்கள் ஆயிரத்துக்கும் மேற்பட்ட லிங்க்ட்இன் ப்ரொஃபைல்களில் கம்ப்யூட்டர் உருவாக்கிய முகங்களைக் கண்டுபிடித்தார்கள். விற்பனைக்கு ஆள் பிடிக்க, இல்லாத மனிதர்களை உட்கார வைத்திருந்தார்கள். அதன் பிறகு லிங்க்ட்இன் என்ன செய்தது? போஸ்ட் எழுதும் பெட்டிக்குள்ளேயே ஏஐ-யில் திருத்தித் தரும் வசதியை வைத்தது. 2025-ல் அதன் தலைமை அதிகாரி ரயன் ரோஸ்லான்ஸ்கி, அந்த வசதி தாங்கள் எதிர்பார்த்த அளவுக்கு எடுபடவில்லை என்று சொன்னார். ரெஸ்யூமே போல எல்லோரும் பார்க்கும் இடத்தில் ஏஐ வாடை அடித்தால் அவமானம் என்று மக்கள் தயங்குகிறார்களாம். மக்களுக்கு இருக்கும் அந்தத் தயக்கம், கடையை நடத்தும் லிங்க்ட்இன்னுக்கு இல்லை. கம்பெனிகள் மட்டும் என்ன யோக்கியம்? வேலை விளம்பரத்தை ஏஐ எழுதுகிறது, வரும் ரெஸ்யூமேயை மென்பொருள் வடிகட்டுகிறது, 'வருந்துகிறோம்' மெயிலையும் அதுவே அனுப்புகிறது. விண்ணப்பிப்பவர் மட்டும் சொந்தக் குரலில் பேச வேண்டும் என்று எதிர்பார்க்கிறார்கள்.

ப்ரொஃபைலில் பெயருக்குப் பக்கத்தில் சரிபார்ப்பு அடையாளம் வாங்கலாமா என்றால், வாங்குங்கள். இந்தியாவில் டிஜிலாக்கரில் உள்ள ஆதார் வழியாகச் செய்யலாம், காசு இல்லை. யாராவது அதற்குக் கட்டணம் கேட்டால் அவர் தரகர். ஆனால் பெயரும் ஆளும் ஒன்று என்பதைத்தான் அது சொல்லும். அந்த ஆள் எழுதுவது உண்மையா என்று சொல்லாது.

தரகர் என்றதும் இன்னொரு விஷயம். தினமும் போஸ்ட் வர ஆரம்பித்த பிறகு துபாயிலிருந்து 'குவாலிட்டி ஹெட்' வேலைக்கு இரண்டு மெசேஜ் வந்ததாக எழுதியிருக்கிறீர்கள். சந்தோஷப்படாதீர்கள். வேலை தேடி அலைகிறவர் யார் என்பதை இந்த போஸ்ட்கள் ஊருக்கே காட்டுகின்றன, வலை வீசுகிறவர்களுக்கும் சேர்த்து. மெசேஜ் அனுப்பியவரின் ப்ரொஃபைலில் 'அபௌட் திஸ் ப்ரொஃபைல்' என்று ஒன்று இருக்கும், எப்போது தொடங்கிய கணக்கு என்று அது காட்டும். பத்து வருட ரெக்ரூட்டர் என்று சொல்லிக்கொள்பவரின் கணக்கு போன மாதம் பிறந்திருந்தால் பேச்சை அங்கேயே நிறுத்துங்கள். வெளிநாட்டுக்கு ஆள் அனுப்பும் ஏஜென்ட் இந்தியாவில் பதிவு பெற்றிருக்க வேண்டும். மத்திய அரசின் இமைக்ரேட் தளத்தில் பெயரைப் போட்டுப் பார்க்கலாம். அவர் வாங்கக்கூடிய சேவைக் கட்டணம் அதிகபட்சம் 30,000 ரூபாய், அதற்கு மேல் ஜிஎஸ்டி, அவ்வளவுதான். 2022-ல் தாய்லாந்தில் ஐடி வேலை என்று சமூக வலைத்தளத்தில் வந்த அழைப்பை நம்பிப் போய், மியான்மரின் மியாவடியில் சைபர் மோசடிக் கும்பலிடம் மாட்டி மீட்டு வரப்பட்டவர்களில் நம் தமிழ்நாட்டு இளைஞர்களும் உண்டு. அவர்களும் படித்தவர்கள்தான்.

ஏஜென்சி மிச்ச மாதப் பணத்தைக் கேட்டு மிரட்டினால் கொடுத்துவிடாதீர்கள். இனி என் பெயரில் எதுவும் போட வேண்டாம் என்று மெயிலில் எழுதி அனுப்புங்கள், போனில் பேசினால் ஆதாரம் இருக்காது. செய்யாத சாதனையைச் சேர்த்த போஸ்ட்களை அழிக்கும் முன் ஸ்கிரீன்ஷாட் எடுத்து வையுங்கள். தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. 'வேலை உறுதி' என்று எழுத்தில் கொடுத்திருந்தால் அதையும் சேர்த்துப் புகார் செய்யுங்கள். யாராவது போலி வேலைக்குப் பணம் பறித்திருந்தால் சைபர் குற்ற உதவி எண் 1930, தாமதிக்காமல் அழைக்க வேண்டும். இந்த ஏஜென்சிகளில் நல்லவர்களும் இருக்கிறார்கள் என்று யாராவது எனக்குக் கடிதம் எழுதுவார்கள். இருக்கட்டும், பாஸ்வேர்ட் கேட்காத ஒருவரை முதலில் காட்டட்டும்.

உங்கள் மேனேஜரை நீங்களே கூப்பிடுங்கள். ஏஜென்சி எழுதியது, நிறுத்திவிட்டேன் என்று ஒரு வரியில் சொல்லிவிட்டு, அந்த மழைக்கால ரிஜெக்‌ஷன் எதிலிருந்து எதற்குக் குறைந்தது என்று அவரிடமே கேளுங்கள். அவர் பொறுப்பில் இருந்த பிளான்ட், அவருக்கு நினைவிருக்கும். 6 சதவீதம் 4 ஆனது என்று சொன்னாலும் அதையே எழுதுங்கள், பிளான்ட் ஹெட் நம்பும் அளவு அதுதான். அவர் ஒப்புக்கொண்டால் லிங்க்ட்இன்னில் இரண்டு வரி சிபாரிசும் எழுதித் தரச் சொல்லுங்கள். அப்புறம், ஏஜென்சி உங்கள் ரெஸ்யூமேயையும் தொட்டதா என்று பாருங்கள். நௌக்ரி வேலைத் தளத்தில் ஏற்றியிருக்கும் ஃபைலிலும் அந்த 40 சதவீதம் உட்கார்ந்திருக்க வாய்ப்பு அதிகம்.