முதல்முறையாக வீட்டில் இன்குபேட்டர் வைத்து நாட்டுக்கோழிக் குஞ்சு பொரிக்கப் போகிறேன். எதையெல்லாம் கவனிக்க வேண்டும்?

சூட்டை மெஷின் பார்த்துக்கொள்ளும். அடைக்கோழி செய்கிற மற்ற வேலையெல்லாம் உங்கள் தலையில்தான். அதை மறந்துவிட்டு ஆன் செய்தால் போதும் என்று நினைப்பவர்கள்தான் கடைசியில் மெஷினைத் திட்டுகிறார்கள்.

முதலில் முட்டை. கடையில் விற்கும் நாமக்கல் வெள்ளை முட்டையை வைத்தால் 21 நாள் என்ன, 210 நாள் ஆனாலும் பொரிக்காது. அந்தக் கூண்டுகளில் சேவலே கிடையாது. பழுப்பாக இருப்பதெல்லாம் நாட்டு முட்டையும் அல்ல. காங்கேயம், தாராபுரம் பக்கம் சேவலோடு மேயவிட்டுப் பெருவிடை, சிறுவிடை என்கிற நாட்டுக்கோழி ரகங்களை வளர்க்கிற தோட்டங்களில் கேட்டு வாங்குங்கள். இட்டு ஒரு வாரத்துக்குள் இருக்கட்டும். கழுவாதீர்கள், ஓட்டின் மேலுள்ள மெல்லிய பூச்சு போய்விட்டால் கிருமி உள்ளே புகும். வண்டியில் கொண்டுவந்த முட்டையைக் கூர்முனை கீழே இருக்கும்படி அரை நாளாவது அசையாமல் வைத்துவிட்டு அப்புறம் மெஷினில் வையுங்கள்.

எங்கள் அமுச்சி (அம்மாவின் அம்மா) அடை வைக்கும் கூடையில் ஒரு இரும்புத்துண்டு, அடுப்புக்கரி, வரமிளகாய் போடுவார். இடி இடித்தால் முட்டை கெட்டுவிடுமாம். இன்குபேட்டருக்குள்ளும் போடலாமா என்று பங்காளி ஒருவர் கேட்டார். வேண்டாங்க. இடியைவிட, இடியோடு சேர்ந்து போகிற கரண்டுதான் நமக்குப் பிரச்சனை. அதற்கும் உடனே பதற வேண்டாம். அடைக்கோழியே தினமும் கொஞ்ச நேரம் எழுந்து போய் இரை தின்றுவிட்டுத்தான் வருகிறது. அரை மணி, ஒரு மணி நேரம் என்றால் மூடியைத் திறக்காமல் இருந்தாலே போதும். அடிக்கடி நீளமாக கட் ஆகும் ஊர் என்றால் இன்வெர்ட்டர் இல்லாமல் இறங்காதீர்கள்.

ஃபேன் உள்ள மெஷினில் 37.5 டிகிரி செல்சியஸ். டிஸ்பிளே காட்டுவதை அப்படியே நம்பாமல், காய்ச்சல் பார்க்கும் தெர்மாமீட்டரை முட்டைக்குப் பக்கத்தில் வைத்து ஒருமுறை ஒத்துப் பாருங்கள். சூடு கொஞ்சம் குறைந்தால் குஞ்சு தாமதமாக வரும், கூடினால் செத்துவிடும். அதனால் சிமெண்ட் ஷீட் கூரைக்கடியில் மெஷினை வைக்காதீர்கள், சித்திரை வெயிலில் அறையே அடுப்பாகிவிடும்.

கோழி அலகால் முட்டையைப் புரட்டிக்கொண்டே இருக்கும். ஆட்டோமேட்டிக் இல்லையென்றால் நாளுக்கு மூன்று முறையாவது நீங்கள் புரட்ட வேண்டும். இல்லாவிட்டால் கரு ஓட்டுச் சவ்வில் ஒட்டிக்கொள்ளும். பென்சிலால் ஒரு பக்கம் குறி போட்டுக்கொண்டால் குழப்பமில்லை. ஏழாம் நாள் இருட்டில் செல்போன் டார்ச்சை அடியில் பிடித்துப் பாருங்கள். உயிருள்ள முட்டையில் ஒரு கரும்புள்ளியிலிருந்து சிவப்பு நரம்புகள் பிரிந்து ஓடும். ஒன்றுமே தெரியாதவற்றை எடுத்துவிடுங்கள். உள்ளே கெட்டு வெடித்தால் நாற்றம் தாங்காது.

ஈரப்பதம் 18 நாள் வரை 50 சதவீதம் போல இருக்கட்டும். அதன்பிறகு புரட்டுவதை நிறுத்திவிட்டு, தண்ணீர் ஊற்றி 65, 70க்கு ஏற்றி மூடிவிடுங்கள். இனிமேல்தான் கை பரபரக்கும். அகன்ற முனைப் பக்கம் ஓட்டில் சின்னதாக ஒரு விரிசல், அதில் அலகு நுனி, உள்ளிருந்து கீச்சுச் சத்தம். அப்புறம் மணிக்கணக்கில் எதுவும் நடக்காது. வீட்டில் எல்லாரும் "பாவம், உடைச்சு விடு" என்பார்கள். அந்த நேரத்தில்தான் குஞ்சு மிச்ச மஞ்சள்கருவை வயிற்றுக்குள் இழுத்துக்கொண்டிருக்கிறது, சவ்விலுள்ள ரத்தமும் வற்றிக்கொண்டிருக்கிறது. நாம் உடைத்தால் ரத்தம் கசியும். மூடியைத் திறந்தாலோ ஈரம் போய், மற்ற முட்டைகளில் சவ்வு காய்ந்து குஞ்சைப் பிடித்துக்கொள்ளும். வெளியே வந்துவிட்ட குஞ்சுக்கு அந்த மஞ்சள்கருவே ஒரு நாளுக்கு மேல் தாங்கும். மெஷினிலேயே காயட்டும்.

பிறகு பெட்டியில் பல்பு போட்டு முதல் வாரம் 35 டிகிரி, வாராவாரம் மூன்று டிகிரி போலக் குறையுங்கள். தரையில் வழவழப்பான பேப்பர் விரித்தால் கால் விரிந்துவிடும், சாக்கு நல்லது. முதல் வாரத்திலேயே கால்நடை மருந்தகத்தில் கேட்டு வெள்ளைக்கழிச்சல் நோய் வராமல் தடுக்கும் சொட்டு மருந்து விடுங்கள். தோட்டத்தில் மூன்று வாரமாக அடையில் இருக்கும் கோழி ஏதாவது இருந்தால், இரவில் சத்தமில்லாமல் குஞ்சுகளை அதன் அடியில் விட்டுப் பாருங்கள். காலையில் கொத்தாமல் சேர்த்துக்கொண்டால் பல்புச் செலவு மிச்சம்.