சேற்று மேட்டில் 1929 ஆஸ்டின்: எல்லாம் பின்பாரம்தான்

கேள்வி: விண்டேஜ் காரைச் சேற்று மலையில் ஏற்றும் ‘ட்ரையல்’ போட்டிகளில் ஓட்டியவர்கள் யாராவது இருக்கிறீர்களா? அதற்காக வண்டியில் என்னவெல்லாம் மாற்றுவீர்கள்?

இருக்கிறேன். பர்மிங்காம் பக்கம் குடியிருக்கிறேன். ஏழு வருடமாக ஒரு 1929 ஆஸ்டின் செவனை வைத்துக்கொண்டு இந்தக் கூத்தடிக்கிறேன். வண்டி பிறந்த லாங்பிரிட்ஜ் தொழிற்சாலை இருந்த இடம் என் வீட்டிலிருந்து பஸ்ஸில் போகிற தூரம்தான்.

முதலில் ஒன்று. ட்ரையல் ரேஸ் இல்லை. வேகத்துக்கு மார்க் கிடையாது. காட்டுக்குள்ளோ ஆட்டுப் பட்டி மேட்டிலோ ஒரு தடம். இரண்டு பக்கமும் குச்சி நட்டு, கீழிருந்து மேலே எண் போட்டிருப்பார்கள். நிற்காமல் எந்த எண் வரை ஏறினாயோ அதுதான் உன் மார்க். சக்கரம் உருளாமல் நின்றால் கதை முடிந்தது. ஒரு மேடு அரை நிமிடம்கூட ஆகாது. இப்படி ஒரு நாளில் பல மேடுகள். இங்கே 1934-இல் தொடங்கிய விண்டேஜ் ஸ்போர்ட்ஸ் கார் கிளப் இருக்கிறது. வேல்ஸ் எல்லையில் பிரஸ்டீன் ஊரைச் சுற்றி அவர்கள் நடத்தும் ட்ரையல் பேர்போனது. 1930 முடிவதற்குள் செய்த வண்டிதான் அசல் விண்டேஜ் என்பது கணக்கு.

என் வண்டியின் இன்ஜின் 747 சிசி. நம் ஊர் மாருதி 800-ஐவிடச் சின்னது. குதிரைசக்தி பத்து சொச்சம். இதை வைத்து எப்படி மேடு ஏறுவது என்றுதான் எல்லாரையும் போல நானும் முதலில் யோசித்தேன். முதல் வருடம் இன்ஜின் சக்தியைக் கூட்டலாம் என்று இரட்டைக் கார்புரேட்டர், கம்ப்ரஷன் கூடின ஹெட் என்று காசைக் கொட்டினேன். பலன்? முன்பு ஆறாம் எண்ணில் நின்ற வண்டி இப்போது நாலாம் எண்ணிலேயே சக்கரம் சுற்றிக் குழி தோண்டியது. அக்கம்பக்கம் நின்றவர்கள் மேல் சேற்றை வாரி இறைத்ததுதான் மிச்சம்.

அப்போதுதான் தாத்தாவின் மாட்டுவண்டி ஞாபகம் வந்தது. ஏறி உட்கார்ந்ததும் அவருடைய முதல் பேச்சே, “பின்பாரமா இருக்கு, முன்னாடி தள்ளி உக்காருடா” என்பதுதான். பின்னால் பாரம் கூடினால் நுகம் மாட்டின் கழுத்தைத் தூக்கும். அவர் குற்றம் என்று சொன்னது இங்கே வரம். இந்த வண்டியை இழுப்பது பின்சக்கரம். சேற்றில் அது பிடிக்க வேண்டுமானால் அதன் மேல் பாரம் வேண்டும்.

இரட்டைக் கார்புரேட்டரைக் கழற்றி விற்றேன். சீட்டுக்கு அடியில் இருந்த பேட்டரியைப் பின் ஆக்சிலுக்கு மேலே கொண்டுபோனேன், ஜாக்கியும் டூல்ஸ் பெட்டியும் கூடவே போயின. பின் ஆக்சிலில் இருக்கும் கிரவுன் பினியன் பல்சக்கர ஜோடியின் விகிதத்தை 4.9-இலிருந்து 5.25-க்கு மாற்றினேன். ரோட்டில் கொஞ்சம் அலறும், ஆனால் மேட்டில் முதல் கியரில் எறும்பு மாதிரி ஊரலாம். அடியில் சம்ப்புக்கு, அதாவது இன்ஜின் ஆயில் தொட்டிக்கு, காவலாக ஒரு தகடு. அவ்வளவுதான். இரண்டு பின்சக்கரமும் வேறு வேறு வேகத்தில் சுற்ற விடுவது டிஃபரன்ஷியல்; அதனால் ஒன்று வழுக்கினால் மற்றதும் இழுக்காது. அதைப் பூட்டி இரண்டு சக்கரத்தையும் சேர்ந்து சுற்ற வைத்தால் எல்லாப் பிரச்சினையும் தீரும், ஆனால் போட்டியில் அதற்கு அனுமதி இல்லை. அந்தக் காலத்திலேயே செயின் போட்டு, டிஃபரன்ஷியலே இல்லாமல் வந்த ஃப்ரேஸர் நாஷ் கார் வைத்திருப்பவர்களைப் பார்த்து வயிறெரிய வேண்டியதுதான்.

டயர் காற்றுதான் பாதி வித்தை. ரோட்டில் 25 பவுண்டு வைப்பேன். மேட்டடியில் அனுமதிக்கிற அளவுக்கு இறக்குவேன், சுமார் பத்து பவுண்டுக்கு. அப்படி இறக்கினால் ரிம்முக்குள் டயர் வழுக்கி டியூபின் வால்வைப் பிய்த்துவிடும். டயரை ரிம்மோடு இறுக்கிப் பிடிக்கத் தனி போல்ட் உண்டு. அதைப் போடாமல் போய் ஒரு நாள் முழுக்க மழையில் டியூப் மாற்றிக்கொண்டிருந்தேன்.

பிரேக் கதை தனி. 1929 மாடலில் கால் பிரேக் பின்சக்கரத்துக்கு, கை பிரேக் முன்சக்கரத்துக்கு. சில மேடுகளில் நடுவில் நின்று மறுபடி கிளம்பச் சொல்வார்கள். செங்குத்தில் முன்பக்கம் எடை இல்லாததால் கை பிரேக் போட்டால் வண்டி அப்படியே வழுக்கிக்கொண்டு இறங்கும். கால் பிரேக்கை மிதித்தால் ஆக்சிலரேட்டருக்குக் கால் இல்லை. வழி காட்டியது பக்கத்துத் தெருப் பெரியவர் ஒருவர். ஸ்டியரிங் நடுவில் ஒரு கைத் த்ராட்டில், அதாவது கையால் ஆக்சிலரேட்டர் கொடுக்கும் லீவர், இருக்கிறதே, அது எதற்கு என்றார். அதை வைத்து இன்ஜினை ஏற்றிப் பிடித்துக்கொண்டு, கிளட்ச்சை விட விட பிரேக்கையும் விட வேண்டும். கேட்க எளிது. ஆஸ்டின் கிளட்ச் பெடல் அசைவதே விரல் பருமன் அளவுதான். ஒன்று பிடிக்கும், இல்லை விடும், நடுவில் எதுவும் கிடையாது.

ஓட்டுவது எப்படி இருக்கும்? போன நவம்பரில் ஒரு மேடு. ஈர இலைச் சருகு, அடியில் களிமண். ஏழாம் எண் தாண்டியதும் வலது பின்சக்கரத்தின் சத்தம் மாறியது. உறுமல் போய் ஒரு ‘உய்ய்ய்’. அது வழுக்கத் தொடங்கிய சத்தம். கை கால் எல்லாம் மிதி மிதி என்கிறது. மிதித்தால் போச்சு. காலை நூல் அளவு தூக்கினேன். அதே நொடியில் பக்கத்தில் என் மனைவி சீட்டிலிருந்து எழும்பி எழும்பித் தொப் தொப்பென்று உட்கார்ந்தாள். பக்கத்து சீட்டுக்காரரின் வேலையே இதுதான், பின் ஆக்சிலை மண்ணோடு அமுக்குவது. டயர் கடித்தது. எட்டு, ஒன்பது, பத்து. பதினொன்றின் குச்சிக்கு ஒரு முழம் கீழே நின்றோம். இறங்கும்போது கிளட்ச்சை மிதிக்கவே கூடாது. ரிவர்ஸ் கியரில், இன்ஜின் பிடித்துக்கொள்ள, மெல்ல. கிளட்ச்சை மிதித்துவிட்டு பிரேக்கில் இறங்கலாம் என்று பார்த்தவர்கள் வேலியில் போய் நின்றதைப் பார்த்திருக்கிறேன்.

“மியூசியத்தில் வைக்க வேண்டியதை நாசம் பண்ணுகிறாயே” என்று கேட்பவர்கள் உண்டு. லோட்டஸ் கார் கம்பெனியை நிறுவிய காலின் சாப்மன் 1948-இல் கட்டிய முதல் லோட்டஸே ஒரு பழைய ஆஸ்டின் செவனைப் பிரித்து, ட்ரையல் ஓட்டுவதற்காகச் செய்ததுதான். நான் வெறும் பேட்டரியைத்தான் நகர்த்தியிருக்கிறேன்.

நீங்கள் இறங்குவதாக இருந்தால் வண்டி வாங்கும் முன் யாருக்காவது ஒரு நாள் பக்கத்து சீட்டில் போங்கள். ஆள் தேடிக்கொண்டேதான் இருப்பார்கள். முதுகு இரண்டு நாள் வலிக்கும். இந்த வருடம் என் மனைவி ஓட்டுவதாக முடிவாகிவிட்டது. காரணம் கேட்டதற்கு, “நான் ஐம்பத்தாறு கிலோ, நீங்க எண்பத்திரண்டு” என்றாள்.