திரை வடிவமைப்பு கற்க எந்தப் புத்தகம்?

கேள்வி: எங்கள் ஊர்ப் பால் சொசைட்டிக்குத் தமிழ், மலையாளம் இரண்டிலும் ஓர் ஆப் எழுதிக் கொடுத்தேன். கணக்கு சரியாக வருகிறது. ஆனாலும் பால் ஊற்றுபவர்கள் கவுண்டரில் வந்துதான் தொகையைக் கேட்கிறார்கள். திரை வடிவமைப்பு கற்க எதைப் படிக்கலாம்?
– வாசகர், கொழிஞ்சாம்பாறை, பாலக்காடு மாவட்டம்

பதில்: ஸ்டீவ் க்ரூக் எழுதிய ‘டோன்ட் மேக் மீ திங்க்’ நூலில் தொடங்குங்கள். முதலில் 2000-இல் வந்தது. மொபைல் பற்றிய அத்தியாயம் உள்ள மூன்றாம் பதிப்பாகப் பார்த்து வாங்குங்கள். திரையை யாரும் வரிவரியாகப் படிப்பதில்லை, மேலோட்டமாகப் பார்த்து, சரியென்று தோன்றும் முதல் இடத்தைத் தொடுகிறார்கள் என்பது அதன் அடிப்படை. அப்படியானால் இன்றைய லிட்டர், கொழுப்பு, தொகை மூன்றும் ஆப் திறந்ததுமே பெரிய எழுத்தில் தெரிய வேண்டும். மெனுவுக்குள் இருக்கக் கூடாது.

அடுத்து அவருடைய ‘ராக்கெட் சர்ஜரி மேட் ஈஸி’. உங்களுக்கு அதிகம் உதவப்போவது இதுதான். மாதம் ஒரு காலை, மூன்று பேர் போதும் என்கிறார். போனைக் கையில் கொடுத்து, “நேத்து சாயங்காலப் பாலுக்கு எவ்வளவு விழுந்திருக்கு, பாருங்க” என்று சொல்லிவிட்டுப் பேசாமல் இருங்கள். பட்டனில் ‘வரவு விவரம்’ என்றிருந்தால் அந்தச் சொல் உங்கள் வாயில் வரக் கூடாது. வந்தால் விடையைச் சொல்லிக் கொடுத்ததாகிவிடும். விரல் எங்கே தயங்குகிறது என்று குறித்துக்கொள்ளுங்கள்.

தவறு ஏன் நேர்கிறது என்று ஆழமாக அறிய டான் நார்மனின் ‘தி டிசைன் ஆஃப் எவ்ரிடே திங்ஸ்’ (1988, திருத்திய பதிப்பு 2013). ஜெனிஃபர் டிட்வெல்லின் ‘டிசைனிங் இன்டர்ஃபேசஸ்’ முழுக்கப் படிக்க அல்ல. பட்டியலோ படிவமோ அமைக்கும்போது புரட்டிப் பார்க்க.

இவை எல்லாம் ஆங்கில எழுத்தை மனத்தில் வைத்து எழுதியவை. ‘ஓகே’ அளவுக்கு அகலம் வைத்த பட்டனில் ‘உறுதிப்படுத்து’ அடங்காது, பாதியில் வெட்டுப்படும். அகலத்தை நிலையாக வைக்காமல் இரண்டு வரிக்கு இடம் விடுங்கள். வரி உயரம் குறைந்தால் ‘மீதி’யின் மேல்சுழியும் ‘கூடுதல்’ என்பதன் கீழ்வளைவும் நறுக்கப்படும்; எழுத்தளவைப்போல் 1.5 மடங்கில் தொடங்கி, இந்தச் சொற்களையே போட்டுச் சோதியுங்கள். மலையாளக் கூட்டெழுத்துகளுக்கும் தனியாக ஒருமுறை பாருங்கள்.

தொடும் இடம் ஆண்ட்ராய்டில் குறைந்தது 48 டிபி (dp, ஆண்ட்ராய்டில் திரை அளவைக் குறிக்கும் அலகு) இருக்கட்டும். எழுத்துக்கும் பின்னணிக்கும் குறைந்தது 4.5:1 வெளிச்ச மாறுபாடு (கான்ட்ராஸ்ட்) வேண்டும். வெளிர்சாம்பல் எழுத்து வெயிலில் தெரியாது. மொழி மாற்றும் பட்டனை முதல் திரையிலேயே வைத்து, ஒவ்வொரு மொழியின் பெயரையும் அதனதன் எழுத்திலேயே எழுதுங்கள்.