கேஸ் இல்லாத அறையில் ஒரு மைக்ரோவேவ் மட்டும் இருக்கிறது. கிறிஸ்துமஸுக்கு என்ன தின்பண்டம் செய்யலாம், என்ன பரிசு கொடுக்கலாம்?

திருவனந்தபுரத்தில் வாடகை அறை, கேஸ் கிடையாது, ஒரு மைக்ரோவேவ் மட்டும் உண்டு. அலுவலகத்திலும் பக்கத்து அறைகளிலுமாக 15 பேருக்குச் சின்னதாக ஏதாவது கொடுக்க வேண்டும், ஊர் குமரி மாவட்டத்துக் களியக்காவிளைப் பக்கம் என்று எழுதியிருக்கிறீர்கள். இதே நிலையில் மூன்று டிசம்பர் கழித்தவள் நான். ஊர் மார்த்தாண்டம், வேலை திருவனந்தபுரம். தம்பானூர் பக்கத்தில் ஒற்றை அறை. அதனால் நானே செய்து பார்த்ததை மட்டும் சொல்கிறேன்.

முதலில், அச்சப்பம், முந்திரிக்கொத்து, முறுக்கு மூன்றையும் மறந்துவிடுங்கள். அவை எண்ணெய்ச் சட்டிக்குப் பிறந்தவை. ஊரில் சித்தியோ மாமியோ எப்படியும் சுடுவார்கள், ஒரு டப்பா கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். பிளம் கேக்கும் கடையிலேயே வாங்குவது நல்லது. தலசேரியில் மாம்பள்ளி பாபு 1883-இல் கிறிஸ்துமஸ் கேக் செய்து கொடுத்தார் என்று சொல்வார்கள். அன்றிலிருந்து கேரளத்து பேக்கரிக்காரர்களுக்குக் கை பழகிய வேலை அது. எந்த முக்குக் கடையிலும் மோசமில்லாத கேக் கிடைக்கும்.

மைக்ரோவேவ் நன்றாகச் செய்வது மூன்று காரியம்: வறுப்பது, உருக்குவது, வற்ற வைப்பது. இந்த மூன்றுக்குள் நின்றால் எதுவும் கெட்டுப்போகாது.

வறுப்பதில் எனக்கு முதலிடம் அண்டிப்பருப்புக்குத்தான், அதாவது முந்திரிப்பருப்புக்கு. நம் விளவங்கோடு பக்கம் முந்திரி ஆலைகள் நிறைய. முழுப் பருப்பு வாங்க வேண்டாம், இரண்டாகப் பிளந்தது போதும், விலை குறைவு, மசாலாவும் நன்றாகப் பிடிக்கும். கால் கிலோவை அகலமான கண்ணாடிப் பாத்திரத்தில் பரப்பி, ஒரு டீஸ்பூன் நெய்யோ தேங்காயெண்ணெயோ விட்டுப் பிரட்டுங்கள். 2 நிமிடம் வையுங்கள், எடுத்துக் கிளறுங்கள். இன்னும் 1 நிமிடம், மறுபடி கிளறல். அப்புறம் 30 விநாடி 30 விநாடியாகப் போங்கள். நிறம் பாதி மாறியதுமே வெளியே எடுத்துவிட வேண்டும், இதுதான் முக்கியம். பருப்புக்குள் இருக்கும் எண்ணெயின் சூட்டில் வெளியே வந்த பிறகும் அது சிவந்துகொண்டே போகும். உள்ளேயே பொன்னிறம் வரட்டும் என்று காத்திருந்தால் நடுவில் கருகிக் கசந்துவிடும். வெளியே பார்த்தால் தெரியவும் தெரியாது. சூடாக இருக்கும்போதே உப்பும், ஒன்றிரண்டாகத் தட்டிய மிளகும் தூவுங்கள். கறிவேப்பிலையைத் துணியால் ஈரம் போகத் துடைத்து, தனியே ஒரு நிமிடம் வைத்தால் கையால் நொறுக்கும்படி மொறுமொறுவென்று வரும். அதையும் சேர்த்துக் குலுக்கிவிடுங்கள். நன்றாக ஆறிய பிறகே மூட வேண்டும். நிலக்கடலையும் இதே முறைதான், கொஞ்சம் கூடுதல் நேரம் எடுக்கும்.

இந்தக் கணக்கெல்லாம் 800 வாட் அடுப்புக்கு. உங்களுடையதின் பின்பக்க ஸ்டிக்கரைப் பாருங்கள். 700 என்றால் சில விநாடி கூட்டுங்கள், 900 என்றால் குறையுங்கள்.

வற்ற வைப்பதற்குத் தேங்காய் பர்ஃபி. துருவிய தேங்காய் 2 கப், கண்டென்ஸ்டு மில்க் அரை டின், ஏலக்காய். 2 நிமிடத்துக்கு ஒருமுறை எடுத்துக் கிளறி, மொத்தம் 7, 8 நிமிடத்தில் பாத்திரத்தின் ஓரத்தை விட்டுச் சுருண்டு வரும். நெய் தடவிய தட்டில் தட்டித் துண்டு போட வேண்டியதுதான். பால் பொங்கி எழும் என்பதால் பாத்திரம் பெரிதாக இருக்கட்டும். கண்ணாடிப் பாத்திரமாகவும் இருக்கட்டும். முதல் வருடம் என்னிடம் அது இல்லை. மைக்ரோவேவில் வைக்கலாம் என்று அடியில் குறி போட்டிருந்த பிளாஸ்டிக் டப்பாவில்தான் செய்தேன். ஆறாவது நிமிடம் எடுத்தபோது டப்பாவின் அடி பிதுங்கி, இனிப்பு ஒட்டியிருந்த இடமெல்லாம் பிளாஸ்டிக் வெள்ளையாகப் பொரிந்துபோயிருந்தது. இரண்டு தேங்காயும் டின்னும் குப்பைக்குப் போயின. இரவு பதினொரு மணி, மறுநாள் அலுவலகத்தில் கொடுக்க வேண்டியது. அழுகையே வந்துவிட்டது. காரணம் பிறகுதான் புரிந்தது. தண்ணீர் 100 டிகிரியில் நின்றுவிடும். இறுகும் சர்க்கரையும் எண்ணெயும் அதைத் தாண்டிப் போகும். சோறு சூடாக்கத் தாங்கும் டப்பா இதைத் தாங்காது. மெலமைன் தட்டு, தங்கக் கோடு போட்ட கோப்பை இரண்டும் எதற்குமே உள்ளே போகக் கூடாது. பச்சைத் தேங்காய் என்பதால் பர்ஃபியைச் செய்த மறுநாளே கொடுத்துவிடுங்கள்.

உருக்குவதற்கு சாக்லேட். 200 கிராம் டார்க் காம்பவுண்ட் சாக்லேட்டைத் துண்டாக்கி, பவரைப் பாதிக்குக் குறைத்து, 30 விநாடிக்கு ஒருமுறை கிளறுங்கள். கட்டிகள் கொஞ்சம் மிச்சமிருக்கும்போதே நிறுத்தினால் கிளறலிலேயே கரைந்துவிடும். கரண்டியில் ஒரு சொட்டுத் தண்ணீர் இருந்தாலும் மொத்தமும் திரிதிரியாகக் கட்டிவிடும், அதனால் எல்லாம் உலர்ந்திருக்க வேண்டும். முன்பே வறுத்து வைத்த அண்டிப்பருப்பு, நறுக்கிய பேரீச்சை, துளி சுக்குப்பொடி சேர்த்து பட்டர் பேப்பரில் ஸ்பூனால் சின்னச் சின்னதாக வையுங்கள். 20, 25 உருண்டை வரும், 15 பேருக்கும் நான்கு நான்காக வைக்க மூன்று தடவை செய்ய வேண்டும். சுக்கு சேர்ப்பது என் விருப்பம். ஒருமுறை செய்து பாருங்கள், விட மாட்டீர்கள்.

இனி பரிசு. அலுவலகத்தில் சீட்டுக் குலுக்கி ‘கிறிஸ்துமஸ் ஃப்ரெண்ட்’ எடுப்பார்களே, அதில் காப்பிக் கோப்பையும் போட்டோ ஃப்ரேமும் கொடுத்துக் கொடுத்து எல்லோருடைய மேசையிலும் அதுதான் குவிந்திருக்கிறது. நமக்கு ஊரிலேயே அதைவிட நல்ல பொருள் இருக்கிறது என்பது என் உறுதியான எண்ணம்.

மார்த்தாண்டம் தேன். 1920-களில் ஒய்.எம்.சி.ஏ. ஊர் மக்களுக்குத் தேனீ வளர்க்கக் கற்றுக்கொடுத்ததிலிருந்து வளர்ந்த தொழில், 2023-இல் புவிசார் குறியீடும் கிடைத்தது. 100 கிராம் குப்பிகளாக வாங்கினால் 15 பேருக்கும் கட்டுப்படியாகும். நம் பக்கத்துத் தேனில் பெரும்பங்கு ரப்பர் மரத்திலிருந்து வருவது. பூவிலிருந்து அல்ல, துளிர் இலைக் காம்பில் சுரக்கும் இனிப்பிலிருந்து. இந்தத் தேன் சீக்கிரம் உறைந்து மணல் மணலாகும். வாங்கியவர்கள் சர்க்கரை கலந்துவிட்டார்கள் என்று நினைத்துவிடுவார்கள், அதனால் குப்பியோடு ஒரு சீட்டு எழுதி வையுங்கள்: ‘உறைந்தால் வெதுவெதுப்பான தண்ணீரில் குப்பியை நிறுத்தி வையுங்கள், இளகிவிடும்.’ மைக்ரோவேவில் வைக்க வேண்டாம் என்றும் சேர்த்து எழுதுங்கள். ஒரு பக்கம் கொதித்து மணம் போய்விடும்.

பால் சேர்க்காத கட்டன் சாயாவுக்கான பொட்டலமும் கொடுக்கலாம். 100 கிராம் தேயிலைத் தூளில் இடித்த சுக்கு ஒரு துண்டு, ஏலக்காய் ஐந்தாறு, கிராம்பு பத்து தட்டிப் போட்டால் ஆயிற்று. கிராம்பு மட்டும் நம் மாறாமலைப் பக்கம் விளைவதாகத் தேடி வாங்குங்கள். 2021-இல் கன்னியாகுமரிக் கிராம்பு என்றே குறியீடு வாங்கியது அது. பொட்டலத்தைப் பிரித்ததும் வரும் வாசனையே பாதிப் பரிசு. இரவு கரோலுக்குப் பாடப் போகிறவர்களின் தொண்டைக்கும் இதமாக இருக்கும். சர்க்கரை நோய் உள்ளவர்களுக்கு இதையோ மிளகுப் பருப்பையோ கொடுங்கள், இனிப்பு வேண்டாம்.

பொதிவதற்கு ஜிகினாத் தாள் வாங்காதீர்கள். கிடைத்தால் சின்ன ஓலைப்பெட்டி வாங்குங்கள். உள்ளே பட்டர் பேப்பர், ஒரு குப்பித் தேன், நான்கு சாக்லேட் உருண்டை, மேலே சிவப்பு நூல். பெட்டி அப்புறமும் வீட்டில் கிடக்கும், ஊசி நூல் போட்டு வைப்பார்கள். சாக்லேட்டில் பருப்பு இருக்கிறது என்று எழுதிவிடுங்கள், சிலருக்கு ஒத்துக்கொள்ளாது. பெயரை அவரவர் மொழியில், மலையாளத்திலோ தமிழிலோ, கையால் எழுதுங்கள். உங்கள் 15 பேரில் வாட்ச்மேனும் கூட்டிப் பெருக்க வரும் அக்காவும் இருக்கிறார்களா என்றும் பார்த்துக்கொள்ளுங்கள். இல்லையென்றால் 17 ஆக்குங்கள். தயவுசெய்து இதைத் தள்ளிப்போடாதீர்கள். 24-ஆம் தேதி அவர்கள் முன்னாலேயே மற்றவர்களுக்குப் பெட்டி கைமாறும்.

உங்களுக்கென்று ஒரு கப் கேக்: மைதா 4 மேசைக்கரண்டி, பொடித்த கருப்பட்டி 2, பால் 3, எண்ணெய் 2, பேக்கிங் பவுடர் கால் டீஸ்பூன், கிராம்புப்பொடி ஒரு சிட்டிகை. பெரிய பீங்கான் கப்பில் கலக்கி 80 விநாடி. கருப்பட்டி கல்லாக இருந்தால் 20 விநாடி சூடாக்கினால் உடைக்க வரும். உடனே சாப்பிட வேண்டும். ஆறினால் ரப்பர்தான், அதனால் இதைப் பரிசாகக் கொடுக்காதீர்கள்.

வேலையைப் பிரித்துக்கொள்ளுங்கள். 20-க்குள் தேனும் பெட்டியும், 21 வறுவல், 22 சாக்லேட், 23 இரவு பர்ஃபி. 24 மாலை தம்பானூரில் களியக்காவிளை பஸ்ஸில் நிற்கவே இடம் இருக்காது. ஊருக்குக் கொண்டுபோகும் சாக்லேட்டை ஸ்டீல் டப்பாவில் போட்டு, பையில் துணிகளுக்கு நடுவே வையுங்கள்.